பனியை நோக்கி வந்தவர்கள்

புல் முளைத்த பிறகு கிளம்ப வேண்டும். ஜூலை 4-ஆம் தேதிக்குள் வயோமிங்கின் இண்டிபெண்டன்ஸ் பாறையைத் தொட்டுவிட வேண்டும். அக்டோபர் பனிக்கு முன்னால் கடைசி மலையைத் தாண்டிவிட வேண்டும். 1840-களிலும் 1850-களிலும் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஆரெகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் கூண்டு வண்டி கட்டிப் போனவர்களுக்கு இந்த மூன்றும்தான் நாள்கணக்கு. ஏப்ரல் தொடக்கத்திலேயே கிளம்பினால் மாட்டுக்கு மேய்ச்சல் கிடைக்காது. ஜூன் வரை தாமதித்தால் மலையில் பனி பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க்காரர்கள் ஆடிப்பட்டம் தேடி விதைத்தார்கள் என்றால், அவர்கள் மேப்பட்டம் தேடிப் புறப்பட்டார்கள்.

இதையெல்லாம் நான் வருடக்கணக்காகப் படித்திருந்தேன். ஆனால் ஒரு ஜனவரி மாதத்தில் அதே தடத்தில் காரில் போனபோதுதான் அந்தக் கணக்கின் கடுமை உறைத்தது. தம்பிக்கு சிகாகோவிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு வேலை மாறியிருந்தது. அவன் மனைவி கைக்குழந்தையோடு விமானத்தில் போய்விட்டாள். காரை ஓட்டிப்போக ஒரு துணை வேண்டும். "தெற்கே நியூ மெக்சிகோ வழியாப் போயிடலாம் அக்கா, அங்க பனி கம்மி" என்றான். நெப்ராஸ்கா வழியாகத்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கோடையில் இந்த இடங்களைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வண்டிக்காரர்கள் எதற்குப் பயந்து ஓடினார்களோ அதைப் பார்க்க எனக்கு ஆசை.

கிராண்ட் ஐலண்டை நெருங்கும்போது ஐ-80 நெடுஞ்சாலை பிளாட் ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது. ஆழமில்லாத, அகலமான, மணல்திட்டு நிறைந்த ஆறு. கரையோரம் வெள்ளையாக உறைந்திருந்தது, நடுவில் மட்டும் கறுப்பாக நீர் ஓடியது. கூண்டு வண்டிகள் போனது இதன் கரையில். பின்னால் ரயில் பாதை போட்டதும் இதன் கரையில். இப்போது நெடுஞ்சாலையும் இங்கேதான். மரம் அரிதான சமவெளி என்பதால், வண்டிக்காரர்கள் காட்டெருமைச் சாணத்தின் காய்ந்த வறட்டியைப் பெண்களையும் பிள்ளைகளையும் விட்டுப் பொறுக்கச் சொல்லி அடுப்பெரித்தார்கள். வண்டி நிறைய மாவும் உப்புப் பன்றிக்கறியும் தட்டுமுட்டுச் சாமான்களும் இருந்ததால் பெரும்பாலானோர் நடந்தேதான் போனார்கள். மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஆரெகன் சிட்டி வரை ஏறக்குறைய 2,170 மைல்.

நல்ல நாளாக இருந்தால் வண்டிக்கூட்டம் 15 மைல் நகரும். நாங்கள் மணிக்கு 75 மைலில் போய்க்கொண்டிருந்தோம். அப்படியென்றால் அவர்களுடைய ஒரு முழுநாள் எங்களுக்கு 12 நிமிடம். இதைச் சொன்னதும் தம்பிக்கு அது பிடித்துப்போனது. சாலையோர மைல் எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்து, "ஒரு நாள் முடிஞ்சது அக்கா", "இன்னொரு நாள் முடிஞ்சது அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில் அவனே நிறுத்திக்கொண்டான். ஒவ்வொரு 'நாளு'க்குள்ளும் எத்தனை பேர் சாய்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

ஒகலாலாவில் பெருவழியை விட்டு 26-ஆம் எண் சாலையில் திரும்பினோம். கோர்ட்ஹவுஸ் பாறையும் ஜெயில் பாறையும் முதலில் வந்தன. அதற்குப் பிறகு சிம்னி பாறை: களிமண்ணும் எரிமலைச் சாம்பலும் மணற்பாறையும் அடுக்கடுக்காக இறுகி, சுற்றியுள்ள பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 300 அடி எழுந்து நிற்கும் கூம்பு. அந்தக் காலத்து நாட்குறிப்புகளில் இதைப் போல அடிக்கடி பேசப்பட்ட அடையாளம் வேறு இல்லை. இரண்டு மூன்று நாள் நடை தொலைவிலிருந்தே கண்ணில் படும். பார்த்தவர்கள் தேதியையும் எழுதிவைத்தார்கள். அதை அழகுக்காக எழுதினார்கள் என்றுதான் முன்பு எண்ணியிருந்தேன். காற்று காரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ள, வயலெல்லாம் வெறிச்சென்று கிடந்த அந்த மதியத்தில் எனக்குப் பட்டது வேறு. சமவெளி பெரும்பாலும் முடிந்தது, மலை இனிமேல்தான், நாம் சரியான தேதியில் இருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்துக்கொண்ட இடம் அது.

ஸ்காட்ஸ்பிளஃப் ஊரின் ஓரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ரெபெக்கா வின்டர்ஸின் கல்லறை இருக்கிறது. 1852 ஆகஸ்டில், சால்ட் லேக் பள்ளத்தாக்கை நோக்கிப் போன மார்மன் மதப்பிரிவினரின் கூட்டத்தில் வந்தவர். காலரா கண்டு இறந்தார். அந்த வருடங்களில் இந்தத் தடத்தின் பெரிய எமன் காலராதான், காலையில் நடந்தவர் மாலையில் இல்லை என்ற கதை நாட்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலான கல்லறைகளுக்கு அடையாளமே இல்லை. ரெபெக்காவுக்கு இருக்கிறது. வில்லியம் ரேனால்ட்ஸ் என்ற குடும்ப நண்பர், வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா ஒன்றை எடுத்து, உளியால் அவர் பெயரையும் வயதையும் வெட்டி, வளைவாக மண்ணில் நட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பட்டாவின் அருகே குனிந்து பார்த்தேன். எழுத்துகள் ஒரே அளவில் இல்லை. சில ஆழமாக, சில மேலாக, ஒவ்வொன்றும் சிறு சிறு வெட்டுகளாகச் சேர்ந்து வந்திருந்தன. இரும்பில் வெட்டுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை! கூட்டம் மறுநாள் கிளம்பியாக வேண்டும், மலை காத்திருக்காது. அந்த அவசரத்திலும் ஒரு மனிதர் உட்கார்ந்து பெயரை முழுதாக வெட்டியிருக்கிறார். அவர் அப்படிச் செய்ததால்தான் 1899-இல் ரயில் பாதைக்கு அளவெடுக்க வந்தவர்களுக்குக் கல்லறை தெரிந்தது. பாதையைக் கொஞ்சம் விலக்கிப் போட்டார்கள். பின்னர் 1995-இல் பாதுகாப்புக்காகக் கல்லறையையே சற்றுத் தள்ளி அமைத்தார்கள். நாங்கள் நின்ற நேரத்தில் நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று வந்தது. அது கடந்து முடிவதற்குள் எங்கள் காது மரத்துவிட்டது. தம்பி கையுறையைக் கழற்றி, அந்த இரும்பை ஒரு கணம் தொட்டுவிட்டு வந்தான்.

லாரமி கோட்டையில் அதிக நேரம் நிற்கவில்லை. 1834-இல் மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காகக் கட்டியது, 1849-இல் ராணுவம் வாங்கியது. எனக்கு அங்கே முக்கியமாகத் தோன்றியவை அதன் பெயரைத் தாங்கிய இரண்டு ஒப்பந்தங்கள். வண்டிகள் தங்கள் புல்லையும் காட்டெருமையையும் அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த லகோட்டா, ஷையன், அரபஹோ முதலிய மக்களோடு 1851-இல் செய்துகொண்ட உடன்படிக்கையில், 50 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஈடு தருவதாக எழுதினார்கள். செனட் அதை 10 ஆண்டாக வெட்டியது. 1868 ஒப்பந்தம் பிளாக் ஹில்ஸ் மலைகளை லகோட்டா மக்களுக்கு உறுதி செய்தது. 1874-இல் அங்கே தங்கம் தெரிந்ததும் அந்த உறுதி காற்றில் போனது. 1980-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொல்லியும், நிலம்தான் வேண்டும் என்று அவர்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. பயணிகளின் துயரத்தைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். பனிக்காலத்தை இந்த மண்ணிலேயே, ஆற்றோரத் தாழ்வுகளில், தலைமுறை தலைமுறையாகக் கழிக்கத் தெரிந்த மக்கள் அவர்கள்.

குவர்ன்சி ஊருக்குத் தெற்கே ஒரு மணற்பாறை மேடு இருக்கிறது. ஆற்றங்கரை சதுப்பாக இருந்ததால் வண்டிகள் எல்லாம் இந்த மேட்டின் மேல் ஒரே இடத்தில் ஏறி இறங்கியாக வேண்டும். ஆயிரக்கணக்கான சக்கரங்களும் குளம்புகளும் பாறையை அறுத்து, சில இடங்களில் ஐந்தடி ஆழத்துக்கு வாய்க்கால் போல ஆக்கிவிட்டன. தம்பி உள்ளே இறங்கி நின்றான். பாறை அவன் மார்பு வரை வந்தது. தடத்தின் அடியில் மட்டும் பனி தங்கியிருந்தது. மேட்டின் மற்ற இடங்களைக் காற்று துடைத்துவிட்டதால், வண்டிகள் போன வழி மட்டும் வெள்ளைக் கோடாக மேலேறித் தெரிந்தது. பக்கச் சுவரில், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், நீளவாக்கில் ஒரு தேய்ப்பு. தடவிப் பார்த்தால் சுற்றியுள்ள பாறையைவிட வழவழப்பாக இருந்தது. சக்கரத்தின் குடம் உரசிய இடம். வண்டிப்பட்டறையைப் பார்த்து வளர்ந்தவள் நான். குடம் பாறையில் உரசினால் அச்சும் ஆரக்காலும் என்ன பாடுபடும் என்று தெரியும். ஒவ்வொரு வண்டியும் அங்கே கீச்சிட்டிருக்கும், ஒவ்வொருவரும் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்திருப்பார்கள். ஒரு தனி மனிதரின் பெயரும் இல்லாத அந்தத் தடம்தான் இந்தப் பயணத்தில் நான் பார்த்த எல்லா நினைவுச்சின்னங்களிலும் பெரியது.

காஸ்பரைத் தாண்டி ஸ்வீட்வாட்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இண்டிபெண்டன்ஸ் பாறை. சுமார் 130 அடி உயரத்தில், சுற்றிவர ஒரு மைலுக்கும் மேல், ஆமை முதுகாகக் கிடக்கும் கருங்கல். ஜூலை 4-க்குள் இங்கே வந்தால் பிழைத்தோம் என்று அர்த்தம். வந்தவர்கள் மகிழ்ச்சியில் பெயர் வெட்டினார்கள், வெட்ட நேரமில்லாதவர்கள் வண்டி மையாலும் தாராலும் எழுதினார்கள். மை அழிந்துவிட்டது, வெட்டியவை பாசிக்கு அடியில் மிச்சமிருக்கின்றன. மேலே ஏற வழியில்லை, பாறை முழுக்கக் கண்ணாடி போலப் பனிக்கட்டி. அடிவாரத்தைச் சுற்றி நடக்கவே காற்று விடவில்லை.

அங்கிருந்து சில மைல் தொலைவில் டெவில்ஸ் கேட்: ஸ்வீட்வாட்டர் ஆறு மலையைப் பிளந்துகொண்டு ஓடும், 370 அடி ஆழமுள்ள இடுக்கு. அதன் அருகே மார்ட்டின்ஸ் கோவ். இந்தப் பயணத்தில் எதற்காக நான் பிடிவாதம் பிடித்தேன் என்று கேட்டால், இதற்காகத்தான்.

1856-இல் மாட்டுவண்டி வாங்கப் பணமில்லாத மார்மன் குடும்பங்களுக்குக் கைவண்டி தரப்பட்டது. பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்த ஏழைத் தொழிலாளர்கள். ஐயோவா சிட்டிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வண்டிகள் தயாராகவே இல்லை. அவசரமாகப் பச்சை மரத்தில் செய்தார்கள். வறண்ட காற்றில் மரம் சுருங்கியது, ஆரக்கால் கழன்றது, அச்சு தேய்ந்தது. கடைசி இரண்டு கூட்டங்கள், வில்லியின் கூட்டமும் மார்ட்டினின் கூட்டமும், சுமார் ஆயிரம் பேர், இன்றைய ஒமாஹாவை ஒட்டிய ஃபிளாரன்ஸை ஆகஸ்ட் மாதத்தில்தான் தாண்டினார்கள். வில்லியின் கூட்டத்தில் லீவை சாவேஜ் என்பவர் மட்டும், இந்த வழியை முன்பே அறிந்தவர், இப்போது போனால் முதியவர்களும் குழந்தைகளும் சாவார்கள், இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்போம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. அப்போது அவர் விலகிப் போயிருக்கலாம். போகவில்லை. நீங்கள் போகிறீர்கள் என்றால் நானும் வருகிறேன் என்று அவர்களோடு நடந்தார், கடைசி வரை நடந்தார்.

ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் அனுமதி. வழியில் பாரம் தாங்காமல் அதையும் குறைத்து, மார்ட்டின் கூட்டம் போர்வைகளையும் துணிகளையும் எறிந்தது. அக்டோபர் 19-ஆம் தேதி, இன்றைய காஸ்பருக்கு அருகில், அவர்கள் வடக்கு பிளாட் ஆற்றை இடுப்பளவு நீரில் கடந்த அன்றே புயல் வந்தது. நாங்கள் காலையில் வெந்நீரில் குளித்து, ஹீட்டர் போட்ட காரில் தாண்டி வந்த ஆறு அது.

இந்த இரண்டு கூட்டங்களும் இன்னும் வழியில்தான் இருக்கின்றன என்ற செய்தி சால்ட் லேக்கில் மார்மன் தலைவர் பிரிகம் யங்குக்கு அக்டோபர் 4-ஆம் தேதிதான் தெரிந்தது. மறுநாள் சபையில் மற்றப் பேச்சையெல்லாம் விட்டு, மாவும் கோவேறு கழுதையும் ஆட்களும் வேண்டும் என்று கேட்டார். இரண்டு நாளில் முதல் மீட்பு வண்டிகள் கிழக்கே கிளம்பின. எல்லோரும் பனிக்கு முன்னால் மேற்கே ஓடும் தடத்தில், இவர்கள் பனிக்குள்ளே கிழக்கே வந்தார்கள். இரண்டு கூட்டத்திலும் சேர்ந்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்தது அந்த வண்டிகளால். கொண்டுபோக முடியாத சாமான்களைக் காக்க இருபது பேர் டெவில்ஸ் கேட்டிலேயே அந்தக் குளிர்காலம் முழுவதும் தங்கினார்கள். உணவு தீர்ந்ததும் மாட்டுத்தோலை வேகவைத்துத் தின்றார்கள்.

இதைச் சாலையோரம் காரை நிறுத்தி, இஞ்சின் அணைக்காமல், தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து வெளியே போய் நின்றான். ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. திரும்பி வந்து, "சின்னப் பிள்ளைங்களும் இருந்தாங்களா அக்கா?" என்று கேட்டான். இருந்தார்கள் என்றேன். வீட்டுக்கு போன் போட்டுக் குழந்தையின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

அன்று சவுத் பாஸ் கணவாய்க்குப் போக நினைத்திருந்தோம். ராக்கி மலைத்தொடரை வண்டியோடு தாண்ட இயற்கை விட்டுவைத்த அகலமான வழி அது. 7,412 அடி உயரம். சாலையை மூடிவிட்டார்கள். தெற்கே ராலின்ஸுக்கு இறங்கினால் அங்கே ஐ-80 பெருவழிக்கும் கேட் போட்டிருந்தார்கள். வயோமிங்கில் இது பழகிப்போன விஷயம். மேலே வானம் நீலமாக இருக்கும், பனி பெய்யவே பெய்யாது. ஆனால் விழுந்துகிடக்கும் பனியைக் காற்று வாரித் தரையோடு தரையாக ஓட்டும். நின்று பார்த்தால் முழங்காலுக்குக் கீழே ஆறு ஓடுவது போலிருக்கும், காரில் உட்கார்ந்தால் எதிரே எதுவும் தெரியாது. அதைத் தடுக்கத்தான் சாலைக்குக் காற்று வரும் பக்கம் மைல் மைலாக மரவேலி போட்டிருக்கிறார்கள். பனி வேலியின் பின்னால் குவிந்துவிடும், சாலைக்கு வராது. 1970-இல் இந்தப் பகுதியில் பெருவழி திறந்த அடுத்த ஆண்டிலேயே வேலி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ராலின்ஸ் முழுக்க லாரிக்காரர்கள். கிடைத்த விடுதியில் படுத்துவிட்டு, விடிவதற்கு முன் கீழே காபிக்கு வந்தேன். பனி வாரும் வண்டி ஓட்டும் ஒருவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். "நாங்க போய்ப் பாத்துட்டு வந்தாத்தான் தெரியும் அம்மா" என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, வெப்பக் குடுவையை எடுத்துக்கொண்டு இருட்டில் நடந்தார். எங்கள் எல்லோருக்கும் மூடிய கேட்டை அவருக்காக மட்டும் தூக்குவார்கள்.

பாதை திறந்த பிறகு யூட்டாவையும் நெவாடாவையும் விரைவாகக் கடந்தோம். சால்ட் லேக்குக்கு மேற்கே உப்புப் பாலை. கலிபோர்னியாவுக்குப் போன டானர் கூட்டத்தின் காலக்கணக்கு கெட்ட இடங்களில் இது ஒன்று. 1846-இல் லேன்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் பரிந்துரைத்த குறுக்குவழியை நம்பி, பழகிய தடத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். முதலில் வாசாட்ச் மலையில் மரம் வெட்டி வழி அமைப்பதிலேயே வாரக்கணக்கில் நாள் போயிற்று. அவர் 40 மைல் என்று சொன்ன பாலை, நடந்தால் 80 மைலாக இருந்தது. மாடுகள் தாகத்தில் ஓடிப்போயின, வண்டிகள் உப்பில் புதைந்தன. நாங்கள் அதை ஒரு மணி நேரத்தில் தாண்டினோம்.

சியரா நெவாடா மலையின் கிழக்குச் சரிவில், அவர்கள் பெயரையே தாங்கிய ஏரிக்கு அக்டோபர் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். கணவாயைப் பனி மூடியிருந்தது. ஒரு சில நாள் முந்தியிருந்தால் தாண்டியிருப்பார்கள். சிக்கியவர் 81 பேர், பிழைத்தவர் ஏறக்குறைய பாதி. இறந்தவர்களின் உடலைத் தின்ற கதைதான் உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு அந்தக் கதையில் பெரிய ஆர்வம் இல்லை.

டிரக்கியில் பெருவழியின் ஓரத்திலேயே நினைவுச்சின்னம் இருக்கிறது. பீடம் 22 அடி, அந்தக் குளிர்காலத்தில் பனி நின்றதாகச் சொல்லப்படும் உயரம். அதன் மேல் வெண்கலத்தில் ஒரு குடும்பம், மேற்கே பார்த்தபடி. மேலே கணவாயில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாமல் விடமாட்டோம் என்று நிறுத்தியிருந்ததால், அதைப் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்தது. சார்லஸ் ஸ்டாண்டனைப் பற்றித் தம்பிக்கு அங்கேதான் சொன்னேன். மணமாகாதவர், கூட்டத்தில் அவருக்கு உறவென்று யாரும் இல்லை. வழியில் உணவு குறைந்தபோது முன்னால் போய், மலைக்கு அப்பால் இருந்த சட்டர் கோட்டையை அடைந்துவிட்டார். தப்பித்தாயிற்று. ஆனால் அவர் ஏழு கோவேறு கழுதைகளில் உணவை ஏற்றிக்கொண்டு மலையைத் திரும்பவும் தாண்டி வந்தார். அவருடன் கோட்டையின் உரிமையாளர் சட்டர் அனுப்பிய மீவோக் இனத்து இளைஞர் இருவர், லூயிஸ், சால்வடோர். அந்த உணவு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. டிசம்பரில் உதவி தேடி நடந்தே கிளம்பிய சிறு கூட்டத்தில் மூவரும் சேர்ந்தார்கள். பனியில் கண் மங்கிய ஸ்டாண்டன் நடக்க முடியாமல் பின்தங்கி உயிர்விட்டார். லூயிஸையும் சால்வடோரையும் அவர்கள் காப்பாற்ற வந்த கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரே சுட்டுக் கொன்றார், உணவுக்காக. அந்தக் குளிர்காலத்தில் தின்பதற்கென்றே கொல்லப்பட்டவர்கள் அந்த இருவர் மட்டுமே.

தம்பி வெகுநேரம் அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுல அவங்க இல்லையே அக்கா" என்றான். இல்லைதான். என்னைக் கேட்டால், அந்தப் பீடத்தின் மேல் இன்னொரு சிலை வைக்கச் சொல்வேன்: மூன்று பேர், ஏழு கோவேறு கழுதைகள், முகம் கிழக்கே.